ராட்டைக்காரிக்கு ஒரு கல்

போன வாரம் கடலோரத்திலிருந்து அந்தோணி போன் செய்தான். நான் வேலையில் இருந்தபோது அவன் முக்குளிக்கும் பையன். இப்போது அங்கே எல்லாவற்றுக்கும் அவன்தான் பொறுப்பு. புயல் போய், கடல் தெளிந்ததும் இறங்கிப் பார்த்திருக்கிறார்கள். கடலுக்கடியில் நாங்கள் நிறுத்திய மற்ற சிலைகள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றனவாம். ராட்டை சுற்றும் பெண் மட்டும் மார்பு வரை மணலுக்குள் இறங்கிவிட்டாள்.

“அண்ணாச்சி, கிரேன் மிதவை இந்த வாரம் பூரா இங்கனதான் நிக்கும். தூக்கணும்னா இப்பமே தூக்கிரலாம். புதுசா வந்திருக்க ஆள் ஒசரத் திருகாணிய மணல்ல ஆழமா இறக்கி, அதுமேல மேடா நிறுத்திரலாம். விட்டுட்டோம்னா அடுத்த புயல்ல மொகமும் மூடிரும். நீங்கதான் சொல்லணும்.”

அவன் என்னைக் கேட்டதற்கு இரண்டு காரணம் உண்டு. அந்தச் சிலையை வார்த்துப் பீடம் போட்ட மேஸ்திரி நான். அந்தச் சிலையின் முகமும் தோளும் கையும் என் மனைவி வள்ளியம்மாளுடையவை. அவள் போய் நான்கு வருடம் ஆகிறது.

“யோசிச்சுச் சொல்றேன் சாமி” என்று வைத்துவிட்டேன். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்காக அந்தக் காலத்து வேலைமுறையை எழுதிக் கொடுங்கள் என்று அந்தோணி ரொம்ப நாளாக நச்சரித்துக்கொண்டிருந்தான். சரி, உட்கார்ந்து எழுதினால் அவனுக்குச் சொல்லவேண்டிய பதிலும் கூடவே வரும் என்று நினைத்தேன்.

எங்கள் ஊருக்கும் கடலுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. வெண்ணந்தூரில் நின்று எந்தத் திசையில் பார்த்தாலும் மரவள்ளிக்காடும் தறிக்கூடமும் தள்ளி ஒரு மலையும்தான். டீக்கடையில் யாராவது புது ஆள் வந்து, என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டால், கடலுக்கடியில் சிலை நிறுத்தினேன் என்பேன். உடனே பக்கத்து பெஞ்சுக்காரர்களுக்குக் கொண்டாட்டமாகிவிடும்.

“ஏனுங்க, கடலுக்கடியில செலை வெச்சா யாருங்க பாக்கறது?”

“மீனு பாக்குமுங்க.”

“மீனு டிக்கெட்டு எடுக்குமுங்களா?”

நானும் சிரித்துக்கொள்வேன். ஆனால் வீட்டுக்கு நடக்கும்போது அந்தச் சிரிப்பு கூட வராது. கட்டடம் கட்டினவன் அதைக் கைநீட்டிக் காட்டலாம். ரிக் லாரியில் போனவன் தான் போட்ட போர்க்குழியில் தண்ணீர் வருவதைக் காட்டலாம். நான் செய்த எதையும் இந்த ஊரில் யாருக்கும் காட்ட முடியாது. “ஆமாங்க, நானும் போயிருந்தேன், பாத்தேன்” என்று எனக்குச் சாட்சி சொல்ல ஒருத்தி இருந்தாள். அவளும் இல்லை.

மகள் ஓசூரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். நல்ல பிள்ளை, குறை சொல்ல முடியாது. மற்ற நாட்களில் எனக்குத் துணை பக்கத்து வீட்டு விசைத்தறிதான். நாள் முழுக்கத் தடதடவென்று ஓடும். வள்ளி இருந்தபோது அந்தச் சத்தத்தைத் திட்டாத நாளில்லை. இப்போது கரண்ட் போய்த் தறி நின்றால் வீடு முழுக்க என் செருப்புச் சத்தம் மட்டும் கேட்கிறது. சீக்கிரம் கரண்ட் வந்தால் தேவலை என்று இருக்கிறது.

வேலை கற்ற கதை நீளமானது இல்லை. பள்ளிக்கூடம் கசந்ததும் கிணற்று உறை வார்க்கும் பட்டறையில் சேர்ந்தேன். உறை என்பது மணற்பாங்கான இடத்தில் கிணறு சரியாமல் இருக்க இறக்கும் சிமெண்ட் வளையம். அடி விளிம்பைக் கத்திபோல் கூராக வார்ப்போம். உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்து மணலை வாரி வாரி வெளியே கொடுப்பான். வளையம் தன் பாரத்தில் தானே இறங்கும். சுற்றிலும் ஒரே சீராக வாரவேண்டும். ஒரு பக்கம் கூடுதலாக வாரிவிட்டால் உறை சாயும். ஒருமுறை சாய்ந்த உறையை நிமிர்த்த யாராலும் ஆகாது. நேராக இறங்கினால் கிணறு, சாய்ந்து இறங்கினால் வெறும் குழி. என் வாழ்நாள் படிப்பு இவ்வளவுதான். மிச்சமெல்லாம் எஸ்தர் மேடம் சொல்லிக்கொடுத்தது.

எஸ்தர் மேடம் தூத்துக்குடிப் பக்கம். பொறியியல் படித்துவிட்டுச் சிலை செய்யப் போனவர். கடலுக்கடியில் சிலைகள் வைத்தால் அதில் பாசியும் பவளமும் பிடித்து மீன் அண்டும் என்று ஒரு திட்டம் அவர் கைக்கு வந்தது. வந்ததும் கடற்கரையை விட்டுவிட்டு ராசிபுரம் சாலையில் எங்கள் பட்டறைக்குப் பக்கத்தில் இடம் பிடித்தார். ஏன் இங்கே என்று கேட்டதற்கு, கடலையே பார்க்காத முகங்களைக் கடலுக்குள் வைக்கவேண்டும் என்றார். எங்களுக்குக் கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருந்தது. ஆனால் சம்பளம் சனிக்கிழமை தவறாமல் வந்ததால் யாரும் வாதம் செய்யவில்லை.

ரிக் வண்டி டிரைவர் ஒருவர், முட்டை அட்டைகளை நெஞ்சோடு அணைத்து நிற்கும் ஒரு தொழிலாளி, ஜவ்வரிசி காயவைக்கும் ஒரு பெண் என்று உள்ளூர்க்காரர்களை உட்காரவைத்து, எண்ணெய் தடவி, மாவுக்கட்டுப் போட்டு அச்சு எடுத்தார். வள்ளி எனக்குச் சோறு கொண்டுவந்த ஒரு நாள் மேடம் அவளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சம்மணம் போட்டு, முதுகு நிமிர்ந்து, ஒரு கை தொடையில் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். வீட்டில் தறிக்காரர்களுக்கு நூல் சுற்றிக் கொடுப்பவள், ராட்டை முன்னால் உட்கார்ந்தே பழகியவள்.

“மேஸ்திரி, இந்த மாதிரி ஒக்காந்தா எந்த அலையும் அசைக்காது பாத்தீங்களா? ஒங்க வீட்டம்மாவ எனக்கு ஒரு நாள் குடுங்க” என்றார்.

முகத்தில் மாவுக்கட்டுப் போட்டுக் கண்ணை மூடி, மூக்குத் துளைக்கு மட்டும் வழி விட்டு அசையாமல் இருக்கச் சொன்னார்கள். அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடக்கிய சிரிப்பு இடது உதட்டோரத்தில் ஒரு சுழியாகப் பதிந்துவிட்டது. அச்சைப் பிரித்துப் பார்த்தபோது, மறுபடி எடுக்கலாமா என்று நான் கேட்டேன். வேண்டாம், இதுதான் வேண்டும் என்று மேடம் அதையே வைத்துக்கொண்டார்.

மேடத்தின் வேலைமுறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. இது தப்பு என்றுகூடச் சொல்லமாட்டார். சிலை முடிந்ததும் அதன்மேல் உள்ளங்கையைப் பதித்து ஒரு தள்ளுத் தள்ளுவார். பிறகு எங்களைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்பார். “இது எந்தப் பக்கம் விழும்?”

“உழுகாதுங்க மேடம்” என்று சொன்னவன் தொலைந்தான்.

“விழாத சாமான்னு ஒண்ணு கெடையாதுல்லா மேஸ்திரி. எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க” என்று டீ கிளாஸோடு போய் உட்கார்ந்துவிடுவார். பதில் சொல்லும்வரை அடுத்த வேலை நடக்காது.

கான்கிரீட் நீருக்குள் போனால் ஐந்தில் இரண்டு பங்கு கனத்தை இழந்துவிடும். தரையில் ஆனைபோல் நிற்பது நீருக்குள் கன்றுக்குட்டிதான். ஆகவே கனத்தை மேலே ஏற்றாமல் பீடத்தில் சேர்ப்போம். அலை வரும் பக்கம் அகலமாக மறிக்கும்படி எதையும் விடமாட்டோம். ராட்டையின் ஆரக்கால்களுக்கு நடுவே தண்ணீர் புகுந்து போக வழி, வள்ளியின் முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவே ஒரு வழி. உப்பில் துருப்பிடித்து வெடிக்கும் என்பதால் இரும்புக் கம்பி அறவே கிடையாது. மேற்பூச்சையும் சொரசொரப்பாக விடுவோம், பாசிக்குப் பிடிமானம் வேண்டுமே.

இத்தனையும் செய்தபிறகு மேடம், “கடலுக்குக் கொண்டுபோறதுக்கு முன்னாடி ஒங்க ஆத்துல இருத்திப் பாப்போம்” என்றார். முறையாகக் கேட்டு அனுமதி வாங்கி, ஜேடர்பாளையத்துக்குக் கீழே காவிரி மணலில் ராட்டைக்காரியை இறக்கினோம்.

எந்தப் பக்கம் விழும் என்று கேட்டார். தண்ணீர் முன்னாலிருந்து தள்ளும், ஆகவே பின்பக்கம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். ஆடிக்காற்றுக்கு வாழைக்கு முட்டுக் கொடுத்துப் பழகிய கைகள் எங்களுடையவை. காற்று தள்ளும் பக்கம்தானே முட்டு வைப்போம்? அதேபோல் சிலையின் முதுகுக்குப் பின்னால் மணல் மூட்டைகளை அடுக்கிவிட்டு வந்தோம். ஆற்றில் தண்ணீர் வந்து வடிந்தபிறகு போய்ப் பார்த்தால், வள்ளி முன்பக்கமாக, தண்ணீர் வந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டுக் கிடந்தாள். மூட்டைகள் பின்னால் சும்மா கிடந்தன.

தண்ணீர் சிலையைத் தள்ளவில்லை. சிலையில் மோதிக் கீழே பாய்ந்து, காலடி மணலைப் பறித்துவிட்டது. பறித்த குழியில் சிலை தானாகக் குப்புற விழுந்தது. மேடம் அந்தக் குழிக்கு எதிரே வெகுநேரம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். 

திரும்பக் கொண்டுவந்து, பீடத்தின் அடி விளிம்பை உறைபோலவே கூராக மாற்றி வார்த்தேன். மணல் பறிந்தால் சுற்றிலும் ஒரே சீராக இறங்கட்டும் என்று கணக்கு. மறுபடியும் ஆற்றில் இறக்கினோம். அப்போது வேனில், இடுப்பளவுத் தண்ணீர் கண்ணாடியாக ஓடியது. இங்கேதான் நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது.

ஆற்றோரம் மீன் வறுத்து விற்கும் பாவாயி என்ற அம்மா, குளிக்க இறங்கியபோது தண்ணீருக்குள் ஒரு பெண் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறார். எங்கள் பக்கம் கோயிலுக்குப் புதுச் சிலை செய்தால், பிரதிஷ்டைக்கு முன்னால் ஒரு மண்டலம் தண்ணீருக்குள் வைப்பது வழக்கம். ஏதோ ஊர் அம்மன் தண்ணீர்வாசம் இருக்கிறாள் என்று பாவாயி முடிவு கட்டிவிட்டார். தினமும் மஞ்சளும் பூவும் வர ஆரம்பித்தன. சாமியின் காலடியில் மண் அரிக்கிறதே என்று, கும்பிட வந்த ஒவ்வொரு பெண்ணும் ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்துப் பீடத்தைச் சுற்றி வைத்திருக்கிறாள்.

இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. மேலே பெருமழை, எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு தண்ணீர் வரப்போகிறது என்று சேதி வந்தது. அவ்வளவு வெள்ளத்தில் சிலை போனால் இன்னொன்று வார்க்க நேரம் இல்லை. மற்றவை கடலுக்குப் போகும், ராட்டைக்காரி போகமாட்டாள். சிலையை வெளியே தூக்க மேடம் கிரேன் வண்டியை ஆற்றுக்கு அனுப்பிவிட்டுத் தானும் வந்தார். கரையில் பாவாயியும் ஒரு பெருங்கூட்டமும் மறித்து நின்றார்கள்.

“மண்டலம் முடியாம சாமியத் தண்ணியில இருந்து எடுக்கப்படாதுங்க.”

“அம்மா, இது சாமி இல்லீங்க. எங்க ஊட்டுக்காரம்மாளப் பாத்து வார்த்த செலைங்க” என்றேன்.

“கட்டுன பொண்டாட்டிய ஆத்துல எறக்கிப்போட்டு, அதையும் வாய் கூசாமச் சொல்றீங்களே!”

கூட்டம் சிரித்தது, ஆனால் நகரவில்லை. வேறு வழியில்லாமல் பட்டறை டெம்போவை அனுப்பி வள்ளியையே கூட்டிவரச் சொன்னேன். அவள் வந்து இறங்கியதும் பாவாயி தண்ணீரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி தண்ணீரைப் பார்த்தார். வள்ளியின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். இதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவர் குனிந்து ஒரு கல்லை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

“அப்ப நீயே வை சாமி. உன்ற காலு உனக்குத்தான் தெரியும்.”

வள்ளி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, தன் சிலையின் காலடியில் தானே கல் வைத்தாள். ஏறி வந்து என் காதில் சொன்னாள். “ஏனுங்க மாமா, ஊட்டுல ஒரு வாய் காப்பி வெச்சுக் குடுக்க ஆளக் காணோம். இங்க என்னடான்னா சாமியாக்கிப் போட்டாங்க.”

இந்தக் களேபரத்தில் தண்ணீர் நெருங்கிவிட்டது. கிரேனை மேட்டுக்கு ஏற்றத்தான் நேரம் இருந்தது. வெள்ளம் வடியும்வரை மேடம் தினமும் வந்து பாவாயியின் கடை முன்னால் உட்கார்ந்து செந்நிறத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் கூடப் போய் உட்கார்ந்தேன். அந்தத் தண்ணீருக்கடியில் இருப்பது வெறும் கான்கிரீட் என்று மனசுக்கு எத்தனை சொன்னாலும் கேட்கவில்லை.

வடிந்தபோது ராட்டைக்காரி அதே இடத்தில் இருந்தாள். ஒரு சாண் கீழே இறங்கியிருந்தாள், ஆனால் மட்டமாக இறங்கியிருந்தாள். ரசமட்டத்தைப் பீடத்தில் வைத்துப் பார்த்தேன், குமிழி நடுவில் நின்றது. பெண்கள் வைத்த கற்கள் ஒன்றும் மேலே தெரியவில்லை. மணல் பறியப் பறியக் கற்கள் அந்தக் குழிக்குள் உருண்டு விழுந்து, மேற்கொண்டு பறிக்கவிடாமல் சுற்றிலும் பதிந்துகொண்டிருந்தன. சிமெண்ட் வைத்துக் கட்டியிருந்தால் அவை அசைந்திருக்காது, அடியில் குழி விழுந்திருக்கும். பெண்கள் சும்மா வைத்துவிட்டுப் போனதுதான் காப்பாற்றியது. அன்றைக்கு மேடம் வாய்விட்டுச் சிரித்தார். பாவாயி கடையில் எல்லோருக்கும் மீன் வாங்கிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து எல்லாச் சிலைக்கும் சுற்றிலும் உதிரிக் கல் போடுவது எங்கள் முறையாயிற்று. இன்னொரு விதியையும் மேடம் அன்றே சொன்னார். “சாய்ஞ்சா ஒடனே தூக்குங்க. மட்டமா எறங்குச்சுன்னா கையே வைக்காதீங்க. அது தனக்கு ஒரு எடம் பாத்துக்கிட்டிருக்கு.” புதுப் பிள்ளைகள் இதை மட்டும் ஞாபகம் வைத்திருந்தால் போதும்.

கடலில் இறக்கும் நாளுக்கு வள்ளியையும் அழைத்துப் போனேன். பாவாயி கூட்டம் பொறுக்கிக் கொடுத்த ஆற்றுக்கற்கள் ஒரு லாரி நிறைய எங்களுக்கு முன்னால் போயின. முதன்முதலாகக் கடலைப் பார்த்த வள்ளி ஒரு கை தண்ணீரை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள், “உப்புத் தண்ணியில கண்ணு எரியாதுங்களா?”

“கண்ண மூடிக்கிட்டுத்தான புள்ள உக்காந்திருக்கற.”

சிலை மிதவையிலிருந்து இறங்கி, தலை மறைந்தபோது அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். சற்று நேரத்தில் அந்தோணி மேலே வந்து, குமிழி நடுவில் என்று கட்டைவிரலைக் காட்டினான். பிறகு ஊர் திரும்பும்வரை பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வந்தாள்.

நான் ஓய்வுபெற்ற மறுவருடம், சந்தைக்குப் போய்வந்தவள் களைப்பாக இருக்கிறது என்று படுத்தாள். எழவில்லை. எத்தனையோ சாமான்களைப் பார்த்து எந்தப் பக்கம் விழும் என்று யோசித்தவன், என் வீட்டைப் பற்றி ஒரு நாளும் யோசிக்கவில்லை. விழும் என்றே எனக்குத் தெரியாது.

ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் அந்தோணி கீழே இறங்கி எடுத்த வீடியோவை அனுப்புவான். ராட்டையின் ஆரக்கால்களுக்குள் சின்ன மீன்கள் புகுந்து போகும். கை நிறையப் பாசி. ஆனால் உதட்டோரத்துச் சுழி மட்டும் இன்னும் தெரியும். அதை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன். இந்த முறை வந்ததில் மணல் மார்பு வரை. நான் தூக்கச் சொல்லத்தான் ஆசைப்பட்டேன், மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்த முகமும் போய்விட்டால் எனக்கு வேறென்ன இருக்கிறது?

மறுநாள் நானே கூப்பிட்டேன்.

“சாமி, மணலத் தள்ளிப்போட்டுப் பீடத்துல ரசமட்டம் வெச்சுப் பாத்தீங்களா?”

“பாத்தாச்சு அண்ணாச்சி. குமிழி நடுவுல நிக்கு.”

“நல்லாப் பாத்தீங்களா? கொஞ்சங்கூடச் சாயலீங்களா?”

“ஒரு நூல்கூட இல்ல.”

“இன்னொருக்கா பாத்துச் சொல்லுங்க.”

வேலைக்காலத்தில் சாயக்கூடாதே என்றுதான் வேண்டிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு ஒரு ராத்திரி பூராவும், கொஞ்சம் சாய்ந்திருக்கட்டும் என்று வேண்டினேன். அந்தோணி எனக்காக மறுபடி இறங்கிப் பார்த்தான். பாவம், அவனுக்கும் தூக்கிவிட ஆசைதான்.

“நடுவுலதான் நிக்கு அண்ணாச்சி” என்றான்.

“அப்ப தொடாதீங்க சாமி” என்றேன். “சுத்தியும் கல்லு மட்டும் போடுங்க. ஒரு கல்லு நானு அனுப்பறேன்.”

மறுநாள் பஸ் பிடித்து ஜேடர்பாளையம் போனேன். பாவாயி அதே இடத்தில் மீன் வறுத்துக்கொண்டிருந்தார். “அம்மிணி சொகமுங்களா?” என்றுதான் முதலில் கேட்டார். சொன்னேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு, மசாலாக் கையைக் கழுவிக்கொண்டு ஆற்றில் இறங்கினார். நான் எடுத்துக் காட்டிய கல்லை வாங்கித் திரும்பத் தண்ணீரில் போட்டார். “இது பெருசுங்க. அவளுக்குக் கனக்கும்” என்று சின்னதாக, வழவழப்பாக ஒன்றைத் தேடி எடுத்துத் தந்தார்.

நாமக்கல் பார்சல் ஆபீசில் இருந்த தம்பி கட்டைத் தூக்கிப் பார்த்தான்.

“உள்ள என்னங்க இருக்குது?”

“கல்லுங்க.”

“கல்லுங்களா? ஆரும் கல்ல பார்சல் போடுவாங்களா? ஆருக்குங்க போகுது?”

“எங்க ஊட்டுக்காரம்மாளுக்குங்க” என்றேன்.